மாடு நொண்டினால் முதலில் குளம்பைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: பர்மாவின் பெகு வட்டாரத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் நெல் நிலம் இருக்கிறது. ஏர்மாடு ஒரு ஜோடி, ஏழு மாதச் சினையாக இருக்கும் பசு ஒன்று, வெள்ளாடு ஒன்பது வைத்திருக்கிறோம். ஜோடியில் வலத்தன் (வலப்பக்கம் பூட்டும் மாடு) பதினைந்து நாளாகப் பின் வலக்காலை ஊன்ற மறுக்கிறது. தொடையிலும் இடுப்பிலும் வீக்கம் எதுவும் தெரியவில்லை. நரம்புப் பிடிப்பு என்று சொல்லி ஊர்ப் பெரியவர் ஒருவர் இடுப்பில் சூடு போட்டார். மருந்துக் கடையில் ஊசி வாங்கி மூன்று நாள் பின் தொடையில் போட்டோம். குறையவில்லை. நடவுக்கு முன்பு, ஜூன் மாதம், ஊரில் எல்லா மாட்டுக்கும் வாயில் எச்சில் ஒழுகி ஒரு வாரம் தீனி எடுக்காமல் இருந்தது. அதன் பிறகு உழவுக்கு ஓட்டினோம், நன்றாகத்தான் இருந்தன. இப்போது இரண்டு ஏர்மாட்டுக்கும் நாலு கால் குளம்பிலும் மோதிரம் போட்டது போல ஒரு கோடு தெரிகிறது. ஆகஸ்டில் சந்தையில் வாங்கிய இரண்டு ஆடுகள் நொண்டின, இப்போது மற்ற ஆடுகளில் மூன்று முன்னங்காலை மடித்து முட்டி போட்டு மேய்கின்றன. அறுவடை வருகிறது. மாட்டைத் தரகரிடம் கொடுத்துவிடலாமா, வைத்திருக்கலாமா? (ஒரு வாசகி, பெகு வட்டாரம்)

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். தீட்டிங்யுட் விளக்குத் திருநாள் முடிந்த வாரத்தில் எழுதிய உங்கள் கடிதம் கிடைத்தது. நொண்டலைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ‘மாடு நொண்டுகிறது, என்ன ஊசி போடலாம்’ என்ற ஒரே வரியோடு முடிந்துவிடும். நீங்களோ எந்தக் கால், எத்தனை நாள், முன்பு என்ன நடந்தது, குளம்பில் என்ன தெரிகிறது என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் மாட்டை நேரில் பார்க்காமலேயே ஓரளவு உறுதியோடு பதில் சொல்ல முடிகிறது. மாட்டை விற்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தை விரிவாகச் சொல்வது என் கடமை.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த மோதிரக் கோடுதான். மாட்டின் குளம்பு நம்முடைய நகத்தைப் போலவே மேலிருந்து கீழாக வளர்வது, மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் விளிம்பில்தான் புதுக் கொம்புப்பொருள் உண்டாகிறது, மாதத்துக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் அளவில் அது கீழே இறங்குகிறது. மாட்டுக்குக் கடுமையான காய்ச்சலோ, அந்த விளிம்பில் புண்ணோ வந்தால் அந்தச் சில நாள்களுக்கு வளர்ச்சி தடைப்பட்டு, அந்த இடத்தில் ஒரு பள்ளமோ வெடிப்போ விழுகிறது. பிறகு அது குளம்போடு சேர்ந்து மெல்லக் கீழே வருகிறது. ஆகவே, மயிர்க்கோட்டிலிருந்து அந்தக் கோடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்தால், மாடு எப்போது நோய்ப்பட்டது என்று கணக்கிட்டுவிடலாம். உங்கள் மாட்டில் அது ஒரு பெருவிரல் அகலத்துக்கு, அதாவது 2 சென்டிமீட்டர் கீழே இருந்தால், அந்த நோய் வந்து நான்கு மாதம் ஆகிறது என்று பொருள். இப்போது அக்டோபர், நான்கு மாதத்துக்கு முன்பு ஜூன். எச்சில் ஒழுகித் தீனி எடுக்காமல் இருந்ததாக நீங்கள் எழுதிய அதே மாதம்.

அது கோமாரி. கால் காணை, வாய்க் காணை என்று நம் பெரியவர்களும், க்வானா ஷானா என்று பர்மியர்களும் சொல்லும் அதே வைரஸ் நோய். வாயில் கொப்புளம் வரும்போது குளம்பு இடுக்கிலும் குளம்பின் மேல்விளிம்பிலும் கொப்புளம் வருகிறது. வாய்ப் புண் ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடுவதால் மாடு தீனி எடுக்கத் தொடங்கிவிடும்; நோய் போய்விட்டது என்று நாமும் நினைத்துவிடுவோம். குளம்போ அவ்வளவு சீக்கிரம் ஆறுவதில்லை. மேல்விளிம்பில் வந்த புண்ணால் பழைய கொம்புப்பொருளுக்கும் அடியில் புதிதாக வளர்வதற்கும் இடையே ஒரு பிளவு உண்டாகி, அது மாதக்கணக்கில் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பிளவோடு உங்கள் மாடுகள் ஜூலையிலும் ஆகஸ்டிலும் முழங்கால் சேற்றில் உழுதிருக்கின்றன. ஊறிப்போன குளம்பு மென்மையாகிவிடும், பிளவுக்குள் சேறும் பொடிக்கல்லும் போய் அடைந்துகொள்ளும், உள்ளே சீழ் பிடிக்கும். வலத்தனின் பின் வலக்காலில், பெரும்பாலும் வெளிப்பக்கக் குளம்பில், இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். மாட்டு நொண்டலில் பெரும்பகுதி குளம்பில்தான் தொடங்குகிறது, பின்னங்காலில் எடை அதிகம் விழுவது வெளிக்குளம்பில்தான். இடுப்பில் வீக்கம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இடுப்பில் போட்ட சூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பெரியவர் மாட்டின்மேல் அக்கறையோடுதான் செய்திருப்பார், அவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. சூடு போட்டபின் சில மாடுகள் தேறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால், சூடு போட்ட மாட்டை ஏரில் பூட்டாமல் சில வாரம் கட்டிப் போடுகிறோமே, அந்த ஓய்வுதான் அதைத் தேற்றுகிறது. குளம்பில் உள்ள சீழுக்கும் இடுப்புத் தோலில் போடும் சூட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஏற்கெனவே வலியில் இருக்கும் வாயில்லாப் பிராணிக்கு இன்னொரு புண்ணைத்தான் கொடுக்கிறோம், இந்த ஈரக் காலத்தில் அதில் ஈ உட்கார்ந்து புழு வைக்கும். இப்போது அந்தப் புண்ணைக் கொதித்து ஆறிய உப்புநீரால் கழுவி, பொவிடோன் அயோடின் தடவி, ஈ அண்டாமல் இருக்கச் சுற்றிலும் வேப்பெண்ணெய் பூசி வாருங்கள்.

வேலைக்கு வந்த புதிதில் நானும் இதே தவற்றை ஊசியால் செய்திருக்கிறேன். யேசினில் கால்நடை மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு வந்த முதல் மழைக்காலத்தில், முன்னங்காலை இழுத்து நடந்த ஓர் எருதைப் பார்த்து, தோள்பட்டை சுளுக்கு என்று முடிவு கட்டி ஐந்து நாள் ஊசி போட்டேன். ஆறாம் நாள், காலை மடக்கிப் பிடித்துச் சேற்றைக் கழுவியபோது, குளம்பின் அடியில் ஒரு மூங்கில் சிம்பு ஏறி உள்ளே ஒடிந்திருந்தது தெரிந்தது. ஐந்து நாள் அந்த மாடு பட்ட வேதனைக்கு நான்தான் பொறுப்பு. அன்று முதல், எவ்வளவு தெளிவாக நோய் வேறிடத்தில் தெரிந்தாலும், குளம்பைக் கழுவிப் பார்க்காமல் நான் மருந்துப் பையைத் திறப்பதில்லை.

ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நீங்கள் செய்ய வேண்டியது வலத்தனின் குளம்பைப் பார்ப்பது. முன்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது மாடு தலையை மேலே தூக்கும். பின்காலில் வலி என்றால் முதுகை வளைத்து, அந்தப் பக்க இடுப்பை உயர்த்தி, எட்டைச் சுருக்கி வைக்கும். வலி எந்தக் காலில் என்று உறுதியானதும், மாட்டை ஒரு மரத்தோடு தலையை ஒட்டிக் கட்டிவிட்டு, பின்காலின் நடுமூட்டுக்கு முன்புறமாக வழவழப்பான மூங்கில் கழி ஒன்றைக் குறுக்கே கொடுத்து, இரண்டு ஆள்கள் இரு பக்கமும் பிடித்துப் பின்னோக்கித் தூக்கினால், மாட்டைச் சாய்க்காமலேயே அடிக்குளம்பைப் பார்க்கலாம். மாடு முரண்டு பிடித்தால்தான் கயிறு போட்டுச் சாய்க்க வேண்டும். அதற்கு முன்பு தீனி வைக்கக் கூடாது. நீண்ட நேரம் படுக்கவைத்தால் வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகும்.

குளம்பைச் சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு இரண்டு குளம்புக்கும் இடையில் உள்ள தோலைப் பாருங்கள், மூக்கருகே கொண்டுபோய் மோந்து பாருங்கள், கட்டைவிரலால் அடிக்குளம்பை வரிசையாக அழுத்துங்கள். இடுக்குத் தோல் வெடித்து, பிணவாடை வீசி, இரண்டு குளம்புக்கும் மேலே ஒரே அளவாகக் கால் சிவந்து வீங்கியிருந்தால் அது குளம்பழுகல். சேற்றில் ஊறிய தோலில் ஏற்பட்ட கீறல் வழியாக ஃபியூசோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர் நுழைந்து அதை உண்டாக்குகிறது. அதற்குக் கட்டாயம் பெனிசிலின் அல்லது ஆக்ஸிடெட்ராசைக்கிளின் ஊசி வேண்டும், முதல் இரண்டு மூன்று நாளுக்குள் போட்டால் விரைவில் குணமாகும். வீக்கம் அதிகம் இல்லாமல், அடிக்குளம்பில் ஓர் இடத்தை அழுத்தும்போது மட்டும் மாடு காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டால், அங்கே ஒரு கரும்புள்ளியோ வெடிப்போ தெரிந்தால், உள்ளே சீழ் இருக்கிறது. உங்கள் மாட்டில் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். ஒரே ஒரு குளம்புக்கு மேலே மட்டும் உருண்டையாக வீங்கி, தொட்டால் சுட்டு, மாடு அந்தக் காலைத் தரையிலேயே வைக்காமல் இருந்தால், சீழ் உள்மூட்டுவரை போயிருக்கக் கூடும். அப்படியானால் நீங்கள் எதையும் தொடாமல் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும், சில மாட்டுக்கு அந்த ஒரு குளம்பை அறுத்து எடுத்தால்தான் பிழைக்கும்.

சீழுக்கு மருந்து ஊசியன்று, வழி. அடைபட்டிருக்கும் சீழ் வெளியே வர வழி செய்துவிட்டால் பாதி வலி அந்த நிமிடமே போய்விடும். மாடு அரைமணி நேரத்தில் காலை ஊன்றுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கரும்புள்ளியைப் பின்பற்றிக் குளம்புக் கத்தியால் சிறிது சிறிதாகச் செதுக்கி, சீழ் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். தளர்ந்து தொங்கும் கொம்புப்பொருளை முழுவதும் எடுக்கலாம், உறுதியாக ஒட்டியிருப்பதைத் தொடக் கூடாது. அடிக்குளம்பின் கனம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. கட்டைவிரலால் அழுத்தும்போது அமுங்கினால் அதற்குமேல் ஒரு சீவல்கூட எடுக்கக் கூடாது, ரத்தம் வந்துவிட்டால் நாம் எல்லை தாண்டிவிட்டோம். இதில் பழக்கம் இல்லாதவர்கள் செய்ய வேண்டாம். உங்கள் நகரியக் கால்நடை அலுவலகத்திலிருந்து ஒருவரை அழைத்துச் செய்வதுதான் நல்லது. செய்தபின் நீர்த்த பொவிடோன் அயோடினால் கழுவி, மூன்று நாளைக்கு ஈரம் படாமல் துணியால் கட்டலாம். நனைந்த கட்டு, கட்டே இல்லாததைவிடக் கெடுதல், நனைந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். துளைக்குள் மண்ணெண்ணெய், டீசல், பாட்டரித் தண்ணீர், பூச்சிமருந்து எதையும் ஊற்றாதீர்கள். அவை உள்ளிருக்கும் உயிர்ச்சதையைப் பொசுக்கிவிடும், அந்தச் சதைதான் புதுக் குளம்பை வளர்க்க வேண்டும்.

இன்னொரு வழி நம் ஊர்ப்பக்கம் அதிகம் தெரியாதது, ஆனால் மிகப் பயன் தருவது. ஒரு காலில் இரண்டு குளம்பு இருக்கிறது, நோய் ஒன்றில்தான். நோயில்லாத குளம்பின் அடியில் ஒரு மரக்கட்டையைப் பசையால் ஒட்டிவிட்டால், மாடு அதன்மேல் எடையைப் போட்டு நடக்கும், நோய்ப்பட்ட குளம்பு தரையைத் தொடாமல் ஓய்வெடுக்கும். செதுக்குதல், கட்டை, வலிமருந்து மூன்றும் சேரும்போதுதான் குணமாவது மிகுதி. கட்டை தானாக விழாவிட்டால் ஆறு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

வலிமருந்தைப் பற்றி எழுதும்போது கடை ஊசிக்கு வருகிறேன். என்ன மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. நொண்டலுக்குக் கடைகளில் கொடுப்பதில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து இருக்கக் கூடும். அது வலியையும் வீக்கத்தையும் மறைத்துவிட்டு, உடம்பு சீழோடு போராடும் சக்தியையும் குறைத்துவிடும். சினைப் பசுவுக்கு அதைப் போட்டால் கன்று வீசிவிடும். மீந்துபோன ஊசி வீட்டில் இருந்தால் உங்கள் ஏழு மாதச் சினைப் பசுவின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வலிக்கு நான் கேட்டு வாங்கச் சொல்வது மெலாக்சிகாம், எடைக்குத் தக்க அளவில், மருத்துவர் கையால். டைக்ளோஃபெனாக் வேண்டாம். அந்த மருந்து போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாக மடிந்தன. இந்தியா 2006ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. நம் நாட்டின் வடபகுதிகளில் அந்தக் கழுகுகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன, அவற்றை நாம் காக்க வேண்டும். ஊசி போடும் இடமும் முக்கியம். பின் தொடையில் ஆழமாகக் குத்தினால் காலுக்குப் போகும் பெரிய நரம்பில் பட்டு, அதுவே ஒரு நொண்டலாகிவிடும்; எந்த ஊசியானாலும் கழுத்துத் தசையில்தான் போட வேண்டும். எந்த மருந்து போட்டாலும், குறிப்பிட்ட நாள் கழியும்வரை கறவை மாட்டின் பாலைக் குடிக்கவோ விற்கவோ கூடாது.

எல்லா நொண்டலும் குளம்பு நோயன்று என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சிலவற்றில் ஒரு நாள் தாமதித்தாலும் மாடு போய்விடும். ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட, நல்ல கொழுத்த கன்று மழைக்காலத்தில் திடீரென்று நொண்டி, தொடையிலோ தோளிலோ வீங்கி, வீக்கத்தை அழுத்தும்போது தோலுக்கு அடியில் நொறுநொறு என்று காற்று இருப்பது போலக் கேட்டால் அது சப்பை நோய். ஒன்றிரண்டு நாளில் உயிரை எடுத்துவிடும். உடனே பெனிசிலின் போட்டால் சில பிழைக்கும், பெரும்பாலானவை பிழைப்பதில்லை. இறந்த கன்றை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது, சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும். அதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டு கிடக்கும். அறுவடைக் காலத்தில் வயலில் கண்ணாடி விரியன் நடமாட்டம் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் நன்றாக இருந்த மாடு மாலையில் ஒரு கால் பெருத்து, கடிவாயில் ரத்தம் கசிந்து நின்றால் விரியன் கடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஒரு கால், நாளை வேறு கால் என்று நொண்டல் மாறிக்கொண்டே போய், காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால், கொசுவும் சிறு பூச்சிகளும் பரப்பும் மூன்று நாள் காய்ச்சலாக இருக்கலாம். பெயருக்கேற்ப அது தானாகவே போய்விடும். ஆனால் அந்த நாள்களில் மாட்டுக்குத் தொண்டை விழுங்கும் சக்தி குறைந்திருக்கும். கஷாயம், கஞ்சி என்று மூங்கில் குழாயால் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய் மாடு இறந்துவிடும். நோயால் சாகாத மாடு நம் அன்பால் சாகிறது என்பதை நினைத்தால் மனம் பதைக்கிறது. தண்ணீரை முன்னால் வையுங்கள், அதுவாகக் குடிக்கட்டும். 2020ஆம் ஆண்டின் இறுதியில் பர்மாவுக்குள் வந்த தோல் கழலை நோயிலும் கால் வீங்கி நொண்டும், ஆனால் உடம்பெல்லாம் கழலை இருப்பதால் அதைத் தவறவிட முடியாது.

ஏர்மாட்டுக்கே உரிய ஒரு நொண்டல் உண்டு. மாடு எழுந்ததும் பின்கால் ஒன்று பின்னால் விறைத்து நீண்டு, மடங்காமல் தரையில் தேய்த்துக்கொண்டே வந்து, சில எட்டில் சட்டென்று விடுபட்டு நன்றாக நடக்கும். முழங்கால் சில்லு மேலே ஏறிச் சிக்கிக்கொள்வதால் வருவது அது. சில்லைப் பிடித்திருக்கும் ஒரு நாரை வெட்டிவிடும் சிறிய அறுவையால் தீர்ந்துவிடும், மருத்துவர் வயலிலேயே செய்வார். இதற்கும் சூடு போட்டே மாடுகளை வதைத்திருக்கிறார்கள்.

இனி உங்கள் ஆடுகள். இது வலத்தனின் நோயன்று, வேறு கதை. முட்டி போட்டு மேய்வது ஆட்டுக் குளம்பழுகலின் நல்ல அடையாளம், சந்தையில் வாங்கிய இரண்டிலிருந்துதான் பரவியிருக்கிறது. டைக்கெலோபாக்டர் என்னும் நுண்ணுயிர் அதற்குக் காரணம். அது ஆட்டின் குளம்பில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும், ஆனால் ஆடு இல்லாத வெறும் மண்ணில் இரண்டு வாரத்துக்குமேல் பிழைக்காது. உங்களுக்கு வழி இதில்தான் இருக்கிறது. ஒன்பது ஆட்டின் குளம்பையும் பாருங்கள், நொண்டாததையும் விடாதீர்கள். மடிந்து வளர்ந்த ஓரங்களைக் கத்தரியால் வெட்டி, வெட்டிய துண்டுகளை எரித்துவிடுங்கள், ஆட்டுக்கு ஆடு கத்தரியைக் கழுவுங்கள். பத்து விழுக்காடு துத்தநாக சல்ஃபேட் கரைசலில், அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ, கால் மணி நேரம் நிறுத்தி, பிறகு ஒரு மணி நேரம் காய்ந்த தரையில் விடுங்கள். வாரம் ஒருமுறையாக நான்கு வாரம் செய்யுங்கள். கடுமையாக இருப்பவற்றுக்கு மருத்துவரிடம் ஆக்ஸிடெட்ராசைக்கிளின் போட்டுக்கொள்ளுங்கள். முதல் முறை செய்தவுடன் பதினைந்து நாள் ஆடு போகாத புது இடத்தில் மேயவிடுங்கள். அப்படியும் திரும்பத் திரும்ப நொண்டும் ஆட்டை வைத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. அது மந்தைக்கே நோயைச் சுமந்துகொண்டிருக்கும்.

மாட்டுக்கு இதே போல் குளம்பு நனைக்க மயில்துத்தம் பயன்படும். ஐந்து விழுக்காடு போதும். மண்ணெண்ணெய் டின் ஒன்றில் 18 லிட்டர் தண்ணீர் பிடிக்கும், அதற்கு 900 கிராம், அரை வீசைக்குச் சற்று மேல். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, கழுவிய காலை ஐந்து நிமிடம் நனைத்தால் குளம்பு இறுகும். சாணியும் சேறும் கலந்துவிட்ட கரைசலுக்குச் சக்தி இல்லை. பயன்படுத்தியதை வயல் வாய்க்காலிலோ மீன்குட்டையிலோ ஊற்றாதீர்கள், மீன் செத்துவிடும். ஆடு அதைக் குடித்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தடுப்பில் நான் மிகவும் வற்புறுத்துவது கோமாரித் தடுப்பூசியை. நம் நாட்டில் ஓ, ஏ, ஆசியா-1 என்று மூன்று வகை வைரஸ் பதிவாகியிருக்கிறது; ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்காது, ஆகவே எந்த வகைக்கான ஊசி என்று கேட்டுப் போடுங்கள். முதல்முறை போடும் மாட்டுக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. பாதுகாப்பு உண்டாக இரண்டு வாரமாவது ஆகும் என்பதால், மழை இறங்கியபின் ஓடுவதில் பயனில்லை. திங்யான் தண்ணீர்த் திருநாள் சமயத்தில் போட்டு, அடுத்ததைத் தீட்டிங்யுட் சமயத்தில் போடலாம். சப்பை நோய்க்கு ஆண்டுக்கொருமுறை மழைக்கு முன்பு. ஓர் ஊரில் ஒரு வீடு மட்டும் போட்டால் போதாது, அக்கம்பக்கத்தவரையும் கூட்டிச் செய்யுங்கள். கோமாரி வந்துவிட்டால் முதல் நாளே அலுவலகத்துக்குத் தெரிவித்து, மாடுகளைத் தனியே கட்டி, நான்கு விழுக்காடு சலவை சோடாக் கரைசலால் தொழுவத்தையும் கால்களையும் கழுவ வேண்டும். வாய்ப்புண் ஆறியதும் ஏரில் பூட்டக் கூடாது. குறைந்தது ஒரு மாதமாவது காய்ந்த தரையில் நிற்கவிட்டிருந்தால் வலத்தனுக்கு இந்த நிலை வந்திருக்காது. பருவம் காத்திருக்காது என்ற உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஆண்டில் வாடகைக்கு டிராக்டர் அமர்த்தினாலும் நட்டம் குறைவுதான்.

தொழுவத் தரையைச் சுற்றுப்புறத்தைவிட ஒரு முழம் உயர்த்தி, மூத்திரம் ஓடும்படி சரிவாக அமைத்து, உமியோ மணலோ பரப்புங்கள். வேலி கட்டியபின் விழும் மூங்கில் சிம்புகளையும் கம்பித் துண்டுகளையும் பொறுக்கிவிடுங்கள். வைக்கோல் போரை மேடை மேல் போடுங்கள்; மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோலைத் தின்ற எருமைக்குக் குளிர்காலத்தில் வால்நுனியும் காதுநுனியும் குளம்பும் அழுகி விழும் நோய் ஒன்று நெல் விளையும் நாடுகளில் உண்டு. நொண்டும் மாட்டுக்குத் தெம்பு வர வேண்டும் என்று நொய்யும் தவிடும் கூடுதலாக வைக்காதீர்கள். மாவுச்சத்து மிஞ்சினால் வயிறு புளித்து, அந்த நஞ்சு ரத்தத்தில் கலந்து குளம்பின் உள்சதையை வீங்கச் செய்யும். மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியால் பானைப் பொங்கலையும் மாட்டுக்கு ஊட்டுகிறோம், கோயில் அன்னதானத்தில் மீந்த சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து கொட்டுகிறோம். இரண்டு நாளில் வயிறு உப்பி, ஒரு வாரத்தில் நாலு காலும் நொண்டும். மாட்டுக்கு ஒரு கைப்பிடி போதும். வெறும் வைக்கோலை மட்டும் நம்பியிருக்கும் மாட்டுக்குத் தாது உப்புக் கலவை தினமும் கொஞ்சம் கொடுங்கள், வைக்கோலில் பாஸ்பரஸும் சுண்ணாம்புச் சத்தும் குறைவு.

கடைசியாக, விற்பது பற்றி. நொண்டும் மாட்டைத் தரகர் பாதி விலைக்குத்தான் எடுப்பார், எடுத்து மைல் கணக்கில் நடத்தியோ லாரியில் நெருக்கி ஏற்றியோ கொண்டுபோவார். அது மாட்டுக்குக் கொடுமை. கோமாரி பட்ட மாடு தேறியபின்னும் தொண்டையில் அந்த வைரஸை மாதக்கணக்கில் வைத்திருக்கக் கூடும் என்பதால், அதைச் சந்தைக்கு அனுப்பவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. சீழ் வெளியேறிவிட்டால் இரண்டு, மூன்று வாரத்தில் அந்த இடத்தைப் புதுக் கொம்புப்பொருள் மூடிவிடும். ஆனால் இந்த அறுவடைக்கு வலத்தனை வண்டியில் பூட்டாதீர்கள், பக்கத்து வீட்டு மாட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மோதிரக் கோடு அடிவரை இறங்கித் தேய்ந்து மறைய இன்னும் பல மாதம் ஆகும். அது கீழே வரவரப் பிளந்த ஓடு தளரும், அப்போது மாதம் ஒருமுறை தூக்கிப் பார்த்துத் தளர்ந்ததை மட்டும் நீக்கி வர வேண்டும். இடத்தனின் குளம்பிலும் அதே கோடு இருக்கிறது என்பதால் அதையும் பாருங்கள்.

குளம்பைக் கழுவிப் பார்த்தபின், வெளிக்குளம்பா உள்குளம்பா, வீக்கம் ஒரு பக்கமா இரு பக்கமா, வாடை உண்டா என்று மூன்றையும் எழுதி, கோடு தெரியும்படி ஒரு புகைப்படமும் எடுத்து அனுப்புங்கள். ஒரு குளம்புக்கு மேலே மட்டும் வீங்கியிருந்தால் என் பதிலுக்குக் காத்திராமல் மருத்துவரை அழைத்துவிடுங்கள்.